ஃப்ளாஷ் அடிச்சாப் போதும்

இல்லண்ணே, இது வேணாம். ரொம்ப லேசா இருக்கு. தூக்குனா தூக்குன மாதிரியே இல்ல. எனக்குக் கொஞ்சம் கனமா வேணும்லா.

தெரியும்ணே, வர்றவங்க எல்லாம் லேசாத்தான் கேப்பாங்க. அம்பத்தஞ்சு வயசுப் பொம்பள ஒருத்தி வந்து கனமான கேமரா இருக்கான்னு கேட்டா சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிங்க, பரவால்ல. அந்தா, மேல் தட்டுல மூலையில ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க, கறுப்பா, தடியா. அதுக்குப் பக்கத்துல உள்ளது இல்ல... ஆங், அதுதான். அத எறக்குங்க.

ஆமா, ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இது ரெண்டாவது. பேக்கப்புன்னு சொல்வாங்களே, அது. யூடியூப்ல ஒரு தம்பி சொல்றாரு, ஒரே ஒரு கேமராவ நம்பி வெளிய போகாதீங்க, நடுவழியில அது ரோசாக் ஆகி வேல செய்யாமப் போயிட்டா கைய விரிச்சுக்கிட்டு நிக்கணும்னு. நூத்துக்கு நூறு உண்ம. நான் நின்னிருக்கேன்.

பொழுதுபோக்குக்குத்தான்ணே. கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் எடுக்குறதில்ல, பறவை எடுப்பேன். பத்து காஜா ஊருப் பக்கம் ஈயம் தோண்டுன பழைய குட்டைங்க இருக்குல்ல, அங்க நாரை, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் வரும். ஞாயித்துக்கிழம காலையில ஏழு மணிக்குக் கெளம்புவேன், பன்னெண்டுக்கு வீட்ல இருப்பேன். வாரத்துல அந்த அஞ்சு மணி நேரந்தான் எனக்கு. மத்த நேரம் எல்லாம் வீட்டுக்காரருக்கு.

லோரி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. சுகுமாரன்னு சொன்னா ஜெலாப்பாங் ஃபேக்டரிப் பக்கம் பழைய ஆளுங்களுக்குத் தெரியும். மூணு வருஷமாப் படுக்கையில இருக்காரு. ஸ்ட்ரோக். வலது பக்கம் சுத்தமா வராது. இடது கை மட்டும் வேல செய்யும். பேச்சும் போயிருச்சு, ஒரே ஒரு வார்த்ததான் மிச்சம். கோஸ்தான். லோரிய பின்னால எடுக்கும்போது கீழ நிக்கிறவன் கத்துவான்ல, கோஸ்தான் கோஸ்தான்னு, அந்த வார்த்த. தண்ணி வேணும்னாலும் கோஸ்தான்தான், முதுகு அரிச்சாலும் கோஸ்தான்தான். டாக்டருக்குப் புரியாது, பெத்த மகனுக்குப் புரியாது, எனக்குப் புரியும். அதுதான் வம்பு. புரியுற ஆளு எங்கயும் நகர முடியாது பாருங்க.

இத எதுக்கு ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். கேமராவப் பாப்போம்.

இந்தாங்க, இந்த மூடிய அந்த லென்சுல போட்டுப் பாருங்க. டக்குனு உக்காந்துச்சா? அப்ப அளவு ஒண்ணுதான். அதே மாடல்தான், நான் தூரத்துல பாத்தப்பவே நெனச்சேன். இந்தப் பக்கம் சின்னதா செவப்புக் கோடு, கீழ ரப்பர் கொஞ்சம் தேஞ்சிருக்கு. எல்லாம் அச்சா அப்படியே.

என்னா, புது மாடலா? எங்க... ஆமா அழகாத்தான் இருக்கு. ரெண்டு கார்டு போடலாமா. சத்தமே வராதா. வேணாம்ணே, சத்தம் வரணும். அமுக்குனா டப்புனு கேக்கணும். ரெண்டாவது கேமரான்னா மொதக் கேமரா மாதிரியே இருக்கணும்லா. அதே பேட்டரி, அதே கார்டு, அதே பட்டன். நடுவுல மாத்துனா கை தடுமாறக் கூடாது. அதுவும் அந்தத் தம்பி சொன்னதுதான்.

அப்புறம் ஃப்ளாஷ். மேல குதிச்சுக்கிட்டு வரும்ல, அது வேல செய்யுதா? அது முக்கியம். பறவைக்கு ஃப்ளாஷ் எட்டாதுன்னு எனக்கும் தெரியும்ணே. எட்டுனாலும் பறந்துரும். இருந்தாலும் வேணும். எதுக்குன்னு கேக்காதீங்க. படம் எப்படி வந்தாலும் சரி, ஃப்ளாஷ் அடிச்சாப் போதும்.

என்னா சொல்றீங்க, லென்சுக்குள்ள பூஞ்சையா? எங்க காட்டுங்க. ஆமாலா, வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி ஓடுது. வெளிய இருந்து பாத்தாத் தெரியுமா? தெரியாதுல்ல? ஃபோக்கஸ் வேற மாட்டிக்குதா. சரி. இதுவே போதும்ணே. இதையே குடுங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கெட்டது விக்கிற ஆளு நீங்க இல்லன்னு தெரியுது. வெளிய போர்டுல அப்துல் நாசர்னு பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன், தமிழ் பேசுற மனுசன்கிட்ட கேட்டா ஏமாத்த மாட்டாருன்னு. நீங்க ஏமாத்தல, நாந்தான் கேக்குறேன். விடுங்க.

இந்தப் பையில சேருதான்னு மட்டும் பாத்துருவோம். இல்லண்ணே, நீங்க தொடாதீங்க, நானே... ஐயையோ. தூக்கிட்டீங்களா.

கனமாத்தான் இருக்கும்.

ஆமா, கேமரா வீட்ல இருக்குன்னு நெனச்சிருப்பீங்க. பையில இருக்கிறது கேமரா இல்ல. உப்பு.

உப்புதான்ணே. சமையலுக்குப் போடுற உப்பு. இந்தா, ஜிப்பத் தெறந்தே காட்டுறேன், பாத்துக்குங்க. ரெண்டு பொட்டலம், துணியில சுத்தி வச்சிருக்கேன். போன வாரம் வரைக்கும் சீனி வச்சிருந்தேன், ஒரு கிலோ சீனி. எல்லாம் அந்தச் சீனியால வந்தது.

நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டுக் கேக்குற கதை இல்ல இது. எனக்கும் நேரம் கம்மிதான். பக்கத்து வீட்டுக் காளியம்மாவ அவருகிட்ட ஒக்கார வச்சுட்டு மாத்திர வாங்கப் போறேன்னு வந்திருக்கேன். சீரியல் ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்துருன்னாங்க. மூணு மணிக்குச் சீரியல்.

என் நாத்தனார் ஒருத்தி இருக்கா, குமுதா. அவருக்குக் கடைசித் தங்கச்சி. பீடோர்ல இருக்கா. தங்கமான பொண்ணுண்ணே, அதச் சொல்லிட்டுத்தான் மத்ததச் சொல்லணும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விடியக்காலையில காடி எடுத்துக்கிட்டு ஐப்போ வந்துருவா. அண்ணன நான் பாத்துக்கிறேன், அண்ணி நீங்க போய்ப் படம் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி, அந்தப் பையத் தூக்கி அவ கையாலயே என் தோள்ல மாட்டி விடுவா. அவ மாட்டி விட்டாத்தான் அவளுக்குத் திருப்தி. அவங்க அண்ணன் லோரிக்குக் கெளம்பும்போது சோத்துப் பொட்டலத்தக் கையில குடுத்து அனுப்புவாளாம் சின்னப் பிள்ளையில, அந்த மாதிரி.

கேமரா என் மகன் வாங்கிக் குடுத்தது. விக்னேஸ்வரன். சிங்கப்பூர்ல இருக்கான். அப்பா படுத்துட்டாரு, அம்மா வேலைய விட்டுட்டு வீட்டோட கெடக்குறாங்க, மூள கொழம்பிறப் போவுதுன்னு வாங்கிக் குடுத்தான். மொதல்ல எனக்குக் கோவம். இத வச்சு என்னாடா செய்வேன், எனக்கு ஒரு ஆளு வச்சுக் குடு, அது போதும்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, இது கேமரா இல்ல, வெளிய போற சீட்டுன்னு. அம்மா படம் எடுக்கப் போறாங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மகன் பெருமப்படுறான், குமுதா பெருமப்படுறா, காளியம்மா கூட ஒரு மீன்கொத்திப் படத்தக் கேட்டு வாங்கி அலமாரியில ஒட்டி வச்சிருக்காங்க.

நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சுண்ணே. போன சரஸ்வதி பூசை வரைக்கும்.

எங்க வீட்ல ஆயுத பூசை வந்தா லோரிக்குத்தான் பூசை. நல்லாக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு. குமுதாவும் ஏறிக்குவா. இப்ப லோரி இல்ல, வித்தாச்சு. அன்னைக்கு நான் அவரக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். வெளிய வந்து பாக்குறேன், சாமி மேசையில வாழை இலை போட்டு, அதுல என் கேமரா. லென்சு நடுவுல சந்தனம், சந்தனத்து மேல குங்குமம். முன்னால எலுமிச்சம்பழம். தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. குமுதா கழுவியிருக்காண்ணே! லோரியக் கழுவுற மாதிரியே கழுவி, ஒரு சொம்பு மஞ்சத்தண்ணிய மேல ஊத்தியிருக்கா. அண்ணி, இந்த வீட்ல இப்ப ஓடுற பொருளு இது ஒண்ணுதான், அதான் இதுக்குச் செஞ்சேன்னு சொல்றா. கண்ணு கலங்கிப் போயி சொல்றா.

நான் என்னா செய்ய முடியும்? கும்பிட்டேன்.

நீங்க தலையில கை வைக்கிறீங்க. நான் வைக்கக் கூட முடியலண்ணே, அவ எதிர்லயே நின்னுக்கிட்டு இருக்கா. அவ போனப்பறம் தொடைச்சேன், அரிசியில பொதைச்சு வச்சேன், ஃபேன் காத்துல வச்சேன். உயிர் வரல. டவுன்ல ஒரு ரிப்பேர் கடையில குடுத்தேன், வாரையும் இந்த மூடியையும் கழட்டிக்கிட்டு. ரெண்டு வாரத்துல வாங்கன்னான். ரெண்டு வாரம் கழிச்சுப் போனா கடைய மூடி வாடகைக்குன்னு போர்டு தொங்குது. போன் அடிக்குது, எடுக்க ஆளு இல்ல. அவன் எங்க போனானோ, என் கேமரா எங்க போச்சோ.

சொல்லியிருக்கலாம்தான். குமுதாகிட்ட சொன்னா அவ உருகிப் போயிருவா, எங்க அண்ணன் லோரியும் போச்சு, நான் கை வச்சதும் போச்சுன்னு. மகன்கிட்ட சொன்னா வேற வாங்கி அனுப்பியிருப்பான். ஒரு வாரம் கழிச்சுச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள, ரிப்பேருக்குக் குடுத்த அந்த வாரமே, ஞாயித்துக்கிழம வந்துருச்சு. குமுதா காடிச் சத்தம் வாசல்ல கேக்குது. பை காலியாக் கெடக்கு, தூக்குனா அவளுக்குத் தெரிஞ்சுரும். அடுப்படியில கையில கெடச்சது சீனிப் பொட்டலம். துணியில சுத்தி உள்ள வச்சு ஜிப்ப இழுத்துட்டேன். அவ தூக்கித் தோள்ல மாட்டுனா. போய்ட்டு வாங்க அண்ணின்னா. போனேன்.

தெரு மொனையில போயி நின்னேன். எங்க போறது? சீனிய வச்சுக்கிட்டு பத்து காஜாவுக்குப் பஸ் ஏறி என்னா செய்ய? வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. அப்படியே சுத்தி எங்க வரிசை வீடுங்களுக்குப் பின்னால வந்தேன். அங்கயும் ஒரு ஈயக் குட்டை இருக்கு. பறவை ஒண்ணும் பெருசா வராது, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் போத்தலுந்தான். அக்கரையில ஒரு சிமெண்டு மேடை இருக்கு, பழைய பம்பு வச்ச எடம். அதுல உக்காந்தேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு ஏதாச்சும் யோசிப்போம்னு உக்காந்தேன்ணே, கையில மணி பாத்தா பதினொண்ணே முக்கால்.

ஒண்ணுமே செய்யல. சும்மா உக்காந்திருந்தேன்.

இது ஒங்களுக்கு எப்படிப் புரியும்னு தெரியல. எல்லாரும் ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்தச் சொல்லிச் சொல்லி உருகுவாங்க, கேட்டிருப்பீங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. ரெண்டு ரூம் லயத்துல ஒம்பது பேரு படுத்து எந்திரிச்சோம். விடியக்காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்கு மணி அடிச்சா எல்லாரும் ஒண்ணாத்தான் முழிக்கணும். கல்யாணமாகி வந்தா மாமியா வீட்ல ஏழு பேரு. அப்புறம் குளோவ் ஃபேக்டரி, ஒரு லைனுக்கு நாப்பது பேரு, பக்கத்துல நிக்கிறவ மூச்சு என் காதுல படும். இப்ப இவரு. கக்கூஸ்ல உக்காந்திருந்தாலும் கோஸ்தான்னு கேட்டா ஓடி வரணும். பொறந்ததுல இருந்து ஒரு அஞ்சு மணி நேரம் நான் தனியா இருந்ததில்லண்ணே. அம்பத்தஞ்சு வயசுல, ஒரு நாத்தம் புடிச்ச குட்டைக் கரையில, சீனிப் பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டு, மொத மொதலா இருந்தேன். சந்தோஷமா இருந்துச்சு. வெக்கமாவும் இருந்துச்சு. ரெண்டும்.

அதான் சொல்லல. அந்த வாரமும் சொல்லல, அடுத்த வாரமும் சொல்லல.

கேமரா இருந்த காலத்துல கூட இப்படி இல்ல. அதுல ஒரு வேல இருக்கும், நல்ல படம் எடுக்கணும், வந்து காட்டணும். இதுல ஒண்ணும் இல்ல. மகனுக்கு வாரா வாரம் படம் அனுப்பணுமே, பழைய படத்துல ஒண்ண எடுத்து எடம் வலமாத் திருப்பி அனுப்பிருவேன். ஒரு நாரைக்கு எடது காலு நொண்டி, அடுத்த மாசம் அதே நாரைக்கு வலது காலு நொண்டி. அவன் என்னடான்னா, அம்மா, அங்க நொண்டி நாரை நெறைய இருக்கும் போலன்னு கேக்குறான். அவருக்கும் காட்டுவேன். பன்னெண்டு மணிக்கு வந்து கட்டில்ல உக்காந்து போன்ல ஒவ்வொண்ணாத் தள்ளி, இன்னைக்கு இது வந்துச்சு, இது தண்ணிக்குள்ள முங்குச்சு, வெயிலு இப்படி அடிச்சிச்சுன்னு கதை சொல்லுவேன். அவரு என் முகத்தையே பாத்துக்கிட்டு தலைய ஆட்டுவாரு. கோஸ்தான்ம்பாரு. அழகா இருக்குன்னு சொல்றாருன்னு நெனச்சுக்குவேன்.

பதினேழு வாரம்ணே.

மாட்டிக்கிட்டா என்னா ஆகும்னு கேக்குறீங்க. ஆம்பள நீங்க, அப்படித்தான் கேப்பீங்க. புருசன் படுக்கையில கெடக்குறான், நாத்தனார் பீடோர்ல இருந்து வந்து அவருக்கு வாய் தொடைக்கிறா, பொண்டாட்டி கேமராப் பையில சீனிய வச்சுக்கிட்டு வாரா வாரம் அஞ்சு மணி நேரம் வெளிய போறா. எங்க போனா? யாரோட போனா? சும்மா உக்காந்திருந்தேன்னு சொன்னா எந்த ஊர்ல நம்புவாங்க? படம் எடுக்கப் போனேன்னா நம்புவாங்க. கோயிலுக்குப் போனேன்னா நம்புவாங்க. பொம்பள சும்மா உக்காந்திருந்தாங்கறத மட்டும் நம்ப மாட்டாங்க. என் மகனே நம்ப மாட்டான்.

போன ஞாயித்துக்கிழம மாட்டியிருக்கணும். சீனிப் பொட்டலம் ஓரத்துல எங்கயோ கிழிஞ்சிருக்கு, நான் கவனிக்கல. குமுதா பையத் தூக்கப் போறா, செவரோரமா எறும்பு வரிசையா வந்து ஜிப்புக்குள்ள போவுது. அண்ணி, கேமராவுக்கு ஏன் எறும்பு வருதுங்கறா. சந்தனம் ஒட்டியிருக்கும்னேன். சந்தனத்துக்கு எறும்பு வருமா? அந்த நேரத்துல வாயில வந்தது அது. இருங்க ஒதறி விடுறேன்னு பைய மடியில வச்சு ஜிப்புல கைய வச்சுட்டாண்ணே.

அப்பப் பாத்து டமால்னு ஒரு சத்தம். அவரு பக்கத்துல குடிக்கிறதுக்கு மைலோ கலக்கி வச்சிருந்துச்சு, சூடா, பெரிய மங்குல. இடது கையால தட்டி விட்டுட்டாரு. கட்டிலு, போர்வை, தரை எல்லாம் மைலோ. மூணு வருஷத்துல அவரு ஒரு சொட்டுக் கூடக் கொட்டுனதில்ல, அவ்வளவு நிதானம் அந்தக் கை. குமுதா பையப் போட்டுட்டு ஓடுறா. அவரு என்னப் பாத்தாரு. பாத்துட்டு வாசலப் பாத்தாரு. நான் பைய எடுத்துக்கிட்டு ஓடியே போயிட்டேன்.

அன்னைக்கு மேடையில உக்காந்து யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. தற்செயலாத்தான் இருக்கும்னு மனச தேத்திக்கிட்டேன். பதறிப் போயி வந்ததுல கொடைய மறந்து அங்கயே விரிச்சபடி விட்டுட்டு வந்துட்டேன். மஞ்சக் கொடை, பெருசு. குமுதா கெளம்பும்போது சொல்றா, அண்ணி, அடுத்த வாரம் வந்து அந்தப் பையில உள்ளத எல்லாம் எடுத்து நானே வெயில்ல காய வைக்கிறேன், அது என் பொறுப்புன்னு. அதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன். இன்னைக்கு வியாழன். இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு.

இல்லண்ணே, கதை அதோட முடியல. ஃப்ளாஷ் எதுக்குன்னு கேட்டீங்கல்ல.

அன்னைக்கு மத்தியானம் அவரு தலைகாணி உறையெல்லாம் மைலோ, மாத்தணும். அவரு கட்டிலு ஜன்னலோரமாக் கெடக்கு. ஃபிசியோ பண்ண வந்த பொண்ணு சொன்னுச்சு, வெளிச்சம் படட்டும்னு. ஜன்னலு முழுக்க மங்கல் கண்ணாடி, அடுக்கு அடுக்கா. கீழ மட்டும் ரெண்டு கண்ணாடி இல்ல, காத்துக்காக நாந்தான் எடுத்து வச்சேன். நின்னுக்கிட்டுப் பாத்தா அதுல சாக்கடை மட்டுந்தான் தெரியும். ஒரு நாள்கூடக் குனிஞ்சு பாத்ததில்ல நான். அன்னைக்கு உறைய இழுக்க அவரு தலையோட தலையாக் குனிஞ்சேன். அந்தச் சந்துல குட்டை தெரியுது. குட்டைக்கு அக்கரையில மேடு தெரியுது. மேட்டுல சிமெண்டு மேடை. மேடையில என் மஞ்சக் கொடை.

படத்துக்கு ஃப்ரேம் போட்ட மாதிரி, நட்ட நடுவுல.

மொத வாரத்துல இருந்தே பாத்திருக்காரு. நான் கேமராவக் கண்ணுல வைக்காம சும்மா உக்காந்திருக்கிறத, வீட்ல இருந்து கொண்டு போன ரொட்டியத் தின்னத, ஒரு நாள் அழுதத, எல்லாத்தையும். பாத்துட்டு, பன்னெண்டு மணிக்கு நான் வந்து சொன்ன நாரைக் கதைக்கெல்லாம் தலைய ஆட்டியிருக்காரு.

எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சுண்ணே, உள்ளதச் சொல்றேன். பயங்கரக் கோவம். ஒலகத்துலயே ஒரு எடம் எனக்குன்னு கெடச்சிச்சுன்னு இருந்தேன், அதுவும் அவரு கண்ணு முன்னாலதானா? அங்கயும் நான் தனியா இல்லையா? குமுதா அடுப்படியில இருந்தா. மெதுவாக் கேட்டேன், எல்லாம் தெரியுமான்னு. பாதி முகந்தான் சிரிக்கும் அவருக்கு. சிரிச்சாரு. கோஸ்தான்னாரு. மூணு வருஷத்துல அன்னைக்கு ஒரு வாட்டிதான் அவரு சொன்னது எனக்குப் புரியல. போடின்னு சொன்னாரா, இருடின்னு சொன்னாரா, எதுன்னு புரியல. நான் எந்திரிச்சுப் போயி பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டு அழுதேன்.

வேற எடம் பாத்துக்கலாம்தான். அவரு கண்ணுக்குப் படாத எடம் எத்தனையோ இருக்கு. நாலு நாளா அதத்தான் யோசிச்சேன். பஸ் ஏறுனா ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் போகலாம், ஆத்தோரமா உக்காரலாம். உக்காந்தா அந்தச் சந்துல என்னா தெரியும் அவருக்கு? காலி மேடை. எனக்கு அஞ்சு மணி நேரமாவது வெளிய இருக்கு. அவருக்கு அந்த ரெண்டு கண்ணாடி சந்துதான்ணே இருக்கு.

சரி, பேட்டரியப் போட்டுட்டீங்களா? இங்க குடுங்க. இந்தப் பட்டனா? ஆங், குதிச்சு வந்துருச்சு.

படம் வேணாம்ணே எனக்கு. அந்த மேடையில உக்காந்து ஒரு வாட்டி, போகும்போது ஒரு வாட்டி, ஜன்னலப் பாத்து அடிக்கணும். அவ்வளவுதான். அவரு பாக்குறது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியணும்ல. அங்கருந்து பாத்தா வீட்டுக்குள்ள ஒரே இருட்டாத்தான் இருக்கும், அவரு முகம் தெரியாது. ஆனா கை அந்தச் சந்துல வெளிய வரும். காத்துக்காக வைக்கிறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அண்ணே, ஒரே ஒரு ஒதவி. ரோட்டத் தாண்டி அந்தா அந்த பேங்கு இருக்குல்ல, அதுக்கு முன்னால உள்ள அஞ்சடி நடைபாதையில போயி நிக்கிறீங்களா? தூரம் ஏறக்குறைய சரியா இருக்கும். நான் இங்க வாசல்ல இருந்து அடிக்கிறேன், இந்த வெயில்ல தெரியுதான்னு பாக்கணும். கடைய நான் பாத்துக்கிறேன், காடி வருது பாத்துப் போங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங், அங்கதான். தெரிஞ்சா கையத் தூக்குங்க!

அண்ணே, அந்தக் கை இல்ல. இடது கை.